உறைந்த சுவரின் கணக்கு: அலுமினிய மின்பகுப்பில் ஆய்வகமும் ஆலையும்

அலுமினியம் உருக்கும் தொட்டியை உடையாமல் காத்து நிற்பது அதன் உட்சுவரில் சில விரற்கடை கனத்துக்கு உறைந்திருக்கும் உப்பு. வெளியே எஃகுப் பெட்டி, அதற்குள் வெப்பந்தாங்கும் செங்கல், அதற்குள் கரிப் பாளங்கள். நடுவில் 960 டிகிரி செல்சியஸ் சூட்டில் கிரையோலைட் என்ற ஃபுளோரைடு உப்பு உருகிக் கிடக்கிறது. 2,050 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும் அலுமினா இந்தக் குழம்பில் கரைந்துவிடுகிறது. அந்த ஒரு குணத்துக்காகவே 140 ஆண்டுகளாக இந்தத் தொழில் கிரையோலைட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அலுமினாவைக் கரைப்பது செங்கல்லையும் கரைக்கும். கிட்டத்தட்ட எந்த ஆக்சைடையும் விட்டுவைக்காது. இந்தக் குழம்பை ஆண்டுக்கணக்கில் பக்கவாட்டில் தாங்கி நிற்கக்கூடிய சுவர் ஒன்றே ஒன்றுதான்: உறைந்துபோன அதே குழம்பு. அந்த உறைசுவர் உருகாமல் இருக்கவேண்டுமானால் அதன் வழியே வெப்பம் இடைவிடாமல் வெளியேறிக்கொண்டே இருக்கவேண்டும். அலுமினிய மின்பகுப்பின் எல்லா ஆய்வுகளையும் எடைபோட வேண்டிய இடம் இந்தச் சுவர்தான் என்பது என் வாதம். ஒரு கண்டுபிடிப்பு குடுவையில் எவ்வளவு அழகாக வேலை செய்தாலும், முழுத் தொட்டியின் வெப்பக் கணக்கை அது என்ன செய்கிறது என்று கேட்காதவரை அதைப் பற்றி நாம் ஒன்றும் அறிந்திருக்கவில்லை.

கணக்கை யூனிட்டில் சொன்னால் எளிதில் விளங்கும். அலுமினாவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, கரியோடு சேர்த்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றி, ஒரு கிலோ உலோகம் பெற வெப்ப இயக்கவியல் கேட்பது சுமார் 6.3 யூனிட் மின்சாரம். நடப்பில் நல்ல ஆலைகளில் செலவாவது 13 யூனிட். உலகச் சராசரி 14ஐ ஒட்டி நிற்கிறது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அப்படியே தொட்டியில் ஊற்றினால் ஏழரை கிலோ அலுமினியம் வரும். மீதி யூனிட்டெல்லாம் எங்கே போகின்றன? சுவர் வழியாகவும் மேல்மூடி வழியாகவும் வெப்பமாக. தொட்டிக்குத் தரப்படும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி இப்படிக் காற்றில் கலக்கிறது. இதை வெறும் விரயம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவிடுகின்றன. ஆனால் அந்த வெப்பக் கசிவில் ஒரு பெரும் பங்கு உறைசுவருக்குக் கொடுக்கும் கூலி. கூலியை ஒரேயடியாக நிறுத்தினால் சுவர் கரையும்; சுவர் கரைந்தால் குழம்பு எஃகைத் தொடும்; தொட்டவுடன் தொட்டி ஓட்டையாகி உருகிய உலோகம் தரையில் ஓடும்.

அளவு மாறினால் வெப்பக் கணக்கும் மாறும் என்பதை இந்தத் தொழிலின் முதல் மனிதர்களே அனுபவத்தில் கண்டார்கள். 1886இல் அமெரிக்காவின் ஓபர்லினில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹாலும், பிரான்ஸில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டார்கள். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். இருவரும் 1914இல் மறைந்தார்கள். ஹாலின் முதல் முயற்சிகள் களிமண் குடுவையில் நடந்தன. குழம்பு குடுவையைக் கரைத்து, மண்ணில் இருந்த சிலிக்கனை உலோகத்தோடு கொண்டுவந்து சேர்த்தது. குடுவைக்குள் கரிப்பூச்சு கொடுத்தபிறகுதான் வெள்ளிநிற அலுமினிய மணிகள் கிடைத்தன. அதாவது முதல் வெற்றியே வேதியியலைவிடப் பாத்திரத்தின் வெற்றி. அதற்கடுத்த பாடம் பிட்ஸ்பர்கில் வந்தது. ஆய்வுக்குடுவையை உருகிய நிலையில் வைத்திருக்க வெளியிலிருந்து தீ மூட்டவேண்டியிருந்தது. 1888இல் ஆலையில் கலம் பெரிதானதும், பாயும் மின்னோட்டமே போதிய சூட்டைத் தந்தது, வெளி அடுப்புக்கு வேலையில்லாமல் போனது. சிறிய பாத்திரத்தில் வெப்பம் பற்றாக்குறை, பெரிய பாத்திரத்தில் வெப்பம் மிகுதி. ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே இன்றுவரை நீடிக்கும் பிணக்கு இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

பிந்தைய நூறாண்டில் யூனிட் செலவு குறைந்த கதையைப் பார்த்தால், குறைத்தது பெரும்பாலும் புதிய வேதியியல் இல்லை என்பது தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தை ஒட்டி கிலோவுக்கு 20 யூனிட்டுக்கு மேல் சென்றது, பிறகு 17, 15, 14 என்று இறங்கியது. அந்த இறக்கத்தில் பெரும் பங்கு காந்தவியலுக்கு. ஒரு தொட்டிக்குள் 3 லட்சம் ஆம்பியர் பாய்கிறது. அருகில் நிற்பவர் கையிலிருக்கும் இரும்புக் கருவியை ஏதோ பிடித்து இழுப்பதை உணரமுடியும். அந்தக் காந்தப்புலம் உருகிய அலுமினியத்தையும் தள்ளுகிறது. குழம்பின் அடர்த்தி ஏறக்குறைய 2.1, அடியில் தேங்கும் உலோகத்தின் அடர்த்தி 2.3. இவ்வளவு சிறு வேறுபாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரு திரவங்களின் இடைமட்டத்தில் அலை எழும்புவது மிக எளிது. மேலே கரி நேர்முனை, கீழே உலோகம், இடைவெளி நாலைந்து சென்டிமீட்டர்தான். அலை எழும்பி உலோகம் நேர்முனையைத் தொட்டால் குறுக்குமின்சுற்று. 1977இல் நார்வேயின் தூர்லைஃப் செலே இந்த நிலைகுலைவு எப்போது தொடங்கும் என்று எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார். பிறகு கணிதவியலாளர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். மின்கடத்திப் பட்டைகளைத் தொட்டிக்கு அடியிலும் பக்கத்திலும் எப்படி வளைத்துக் கொண்டுபோனால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பதை பிரான்ஸின் பெஷினே நிறுவனம் சான் ஷான் த மோரியன் ஊரிலிருந்த தன் ஆய்வு மையத்தில் கலையாகவே வளர்த்தது. 180 கிலோ ஆம்பியர் தொட்டியும், 1980களில் 300ஐ நெருங்கிய தொட்டியும் அங்கிருந்து வந்தவை. இன்று 600 கிலோ ஆம்பியர் தொட்டிகள் ஓடுகின்றன. அலை அடங்கியதால் இடைவெளியைக் குறைக்க முடிந்தது. இடைவெளி குறைந்ததால் யூனிட் குறைந்தது. குழம்பில் ஒரு சென்டிமீட்டர் கடக்க மின்சாரம் கொடுக்கும் விலை சுமார் 0.38 வோல்ட். அந்த எண்ணைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு பங்கு, அலுமினாவை ஊட்டும் முறைக்கு. ஒரு தொட்டியின் மேல் மூடியில் குழம்பு உறைந்து ஓடாக இறுகியிருக்கும். அந்த ஓட்டின் நடுவே சில இடங்களில் மேலிருந்து ஓர் இரும்புக்கோல் ‘தொப்’பென்று இறங்கித் துளையிட்டு மேலேறும், அதன் பின்னாலேயே ஒன்றிரண்டு கிலோ அலுமினா தூளாகச் சரியும். நிமிடத்துக்கு ஒரு தரம், ஆண்டு முழுக்க. குழம்பில் அலுமினா 2 முதல் 4 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். கூடினால் கரையாமல் உலோகத்துக்கு அடியில் சேறாகப் படியும். 2க்குக் கீழே இறங்கினால் நேர்முனையின் அடிப்பக்கத்தை வாயுப்படலம் மூடிக்கொள்ளும். நாலு வோல்ட்டில் அமைதியாக இருந்த தொட்டி முப்பது வோல்ட்டைத் தாண்டும், முனைகளைச் சுற்றிச் சிறு பொறிகள் சடசடக்கும். ஆனோடு எஃபெக்ட் என்று ஆலைக்காரர்கள் சொல்லும் இந்த நிலையில் ஃபுளோரின் கரியோடு சேர்ந்து கார்பன் டெட்ராஃபுளோரைடாகப் போகிறது. ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு இது. வளிமண்டலத்தில் 50,000 ஆண்டு தங்கும். இதைத் தடுக்கக் குழம்பில் எவ்வளவு அலுமினா இருக்கிறது என்று அளந்தால் போதுமே? அளக்க முடியாது. கிரையோலைட்டில் தொடர்ந்து நிற்கும் உணர்கருவி கிடையாது. வெப்பநிலைக் கம்பியைக்கூட அது சில நாளில் தின்றுவிடுகிறது. ஆகவே தொட்டியே தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்படி செய்தார்கள். கணினி சற்றுநேரம் வேண்டுமென்றே குறைவாக ஊட்டும். மின்தடை ஏறும் வேகத்தைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கணிக்கும். உடனே அதிகமாக ஊட்டும். இந்த ஏமாற்று விளையாட்டு ஓயாமல் நடக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் ஒரு டன்னுக்கான ஃபுளோரோகார்பன் உமிழ்வு பெரிதும் குறைந்ததற்கு இதுவே முதற்காரணம். ஆய்வுக்குடுவையில் பார்த்த மின்தடைக்கோட்டின் வளைவு இல்லாமல் இந்த யோசனை பிறந்திருக்காது. ஆனால் அதைத் தொட்டியில் வேலை செய்ய வைத்தது, தொட்டிக்குத் தொட்டி மாறும் அந்த வளைவை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்த ஆலை.

ஆய்வகத்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் யோமர் டூன்ஸ்டாட் போன்றவர்களும், காய் க்ரோட்ஹைமும், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பேரி வெல்ஷும் ஐம்பது ஆண்டுகள் பாடுபட்டிராவிட்டால், கரைந்த அலுமினியம் மேலே மிதந்து கார்பன் டை ஆக்சைடோடு மீண்டும் சேர்வதால்தான் மின்னோட்டத்தில் ஐந்து விழுக்காடு வீணாகிறது என்பது இன்றும் ஊகமாகவே இருந்திருக்கும். ஆனால் குடுவையின் எல்லையைத் தெளிவாகப் பார்க்கவேண்டும். சில நூறு கிராம் குழம்பைக் கிராஃபைட் குடுவையில் வைத்து, வெளியிலிருந்து மின் உலையால் சூடாக்கி, மணிக்கணக்கில் மின்சாரம் செலுத்துகிறார்கள். அங்கே உறைசுவர் கிடையாது; வெப்பம் உள்ளிருந்து வெளியே போவதற்குப் பதிலாக வெளியிலிருந்து உள்ளே வருகிறது. நேர்முனைக்குக் கீழே குமிழ் எப்படி ஒன்றுசேர்ந்து நழுவுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க, ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ் கலங்களையும் கட்டினார்கள். அழகான காட்சி, ஆனால் சன்னலைக் குழம்பு அரித்து மங்கலாக்கும் வரைதான் அவகாசம். சில மணிநேரம் கிடைக்கும். ஆலையில் ஒரு தொட்டியின் ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டு. சோடியம் எதிர்முனைக் கரிக்குள் ஊறி அதை வீங்கச் செய்வதற்கே மாதங்கள் ஆகின்றன. மணிக்கணக்கில் கிடைத்த முடிவை ஆண்டுக்கணக்கில் பொருத்தும் துணிச்சலிலிருந்துதான் இந்தத் துறையின் ஏமாற்றங்களில் பல பிறந்தன.

ஏமாற்றங்களில் நீண்ட ஆயுள் கொண்டது தேயாத நேர்முனை. இப்போதுள்ள கரி முனை எரிந்து தேய்கிறது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 400 கிராமுக்கு மேல் கரி போகிறது. அதிலிருந்து மட்டும் ஒன்றரை கிலோ கார்பன் டை ஆக்சைடு. நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு முனையையும் கழற்றிப் புதிதாக மாட்டவேண்டும். புது முனை உள்ளே இறங்கியதும் அதன் அடியில் குழம்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அது முழு மின்சுமையை ஏற்க ஒரு நாள்வரை ஆகும். அந்த ஒரு நாளும் மற்ற முனைகள் அதன் பங்கையும் சுமக்கின்றன, உலோக மட்டம் சாய்கிறது, தொட்டி தள்ளாடுகிறது. கரிக்குப் பதிலாகத் தேயாத ஒன்று இருந்தால் இதெல்லாம் போய், வெளியே வருவது வெறும் ஆக்சிஜனாக இருக்கும். ஹாலே தாமிர முனையை முயன்று பார்த்தார். 1980களில் அமெரிக்க அரசின் நிதியோடு அல்கோவா நிக்கல் ஃபெரைட்டும் தாமிரமும் கலந்த பீங்கான்-உலோகக் கலவைகளை ஆராய்ந்தது. ரஷ்யாவின் ருசால் கிராஸ்னயார்ஸ்க்கில் 140 கிலோ ஆம்பியர் தொட்டியில் சோதனை நடத்தியது. 2018இல் அல்கோவாவும் ரியோ டின்ட்டோவும் சேர்ந்து, ஆப்பிள் நிறுவனமும் கனடா, க்யூபெக் அரசுகளும் முதலிட்டு, எலிசிஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 2024இல் ரியோ டின்ட்டோ அறிவித்தது, க்யூபெக்கின் அர்விடாவில் இந்தத் தொழில்நுட்பத்தில் 100 கிலோ ஆம்பியர் தொட்டிகள் பத்து அமைக்கப்படும் என்று. இது விளையாட்டு முயற்சி அல்ல, மதிக்கவேண்டிய உழைப்பு. சிக்கல் இரண்டு. கிரையோலைட் ஆக்சைடைக் கரைக்கும், தேயாத முனையின் மேற்பரப்பு ஆக்சைடுதான். கரைந்த இரும்பும் நிக்கலும் நேராக உலோகத்தில் போய்ச் சேர்ந்து அதன் தூய்மையைக் கெடுக்கும். பொட்டாசியம் கலந்து குழம்பின் சூட்டை 700, 800 டிகிரிக்கு இறக்கினால் அரிப்பு குறைகிறது, ஆனால் அலுமினா கரையும் அளவும் வேகமும் சேர்ந்தே குறைகின்றன. இதுதான் எல்லோரும் பேசும் சிக்கல். இரண்டாவதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கரி நேர்முனை வெறும் மின்கடத்தி மட்டுமல்ல, எரிபொருளும்கூட. அது எரிவதால் கிடைக்கும் ஆற்றல் அலுமினாவைப் பிளக்க உதவுகிறது. கரியோடு பிளக்க 1.2 வோல்ட் போதும்; கரியில்லாமல் ஆக்சிஜனாகப் பிளக்க 2.2 வோல்ட் வேண்டும். கரி முனையில் ஏற்படும் அரை வோல்ட் அளவு மிகை மின்னழுத்தம் தேயாத முனையில் பெரிதும் குறைகிறது என்பதைக் கழித்தாலும், நிகரமாக 0.6 வோல்ட் கூடுகிறது. அதை யூனிட்டாக்கினால் கிலோவுக்கு ஏறக்குறைய 1.9. நிலக்கரி மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், முனையில் மிச்சமாகும் ஒன்றரை கிலோவுக்குப் பதிலாக மின்நிலையப் புகைபோக்கியில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ போகிறது. சரி, அந்த 0.6 வோல்ட்டை வேறு இடத்தில் மிச்சப்படுத்தலாமே? சென்டிமீட்டருக்கு 0.38 வோல்ட் என்றோம். இடைவெளியை ஒன்றரை சென்டிமீட்டர் குறைத்தால் ஈடாகிவிடும். முனை தேயாதாகையால் இடைவெளியைத் துல்லியமாக வைக்கலாம் என்பதும் உண்மை. கரித்தொட்டி ஒன்று கிலோவுக்கு 13.3 யூனிட்டில் ஓடியது, அப்படியே செய்து புதுத்தொட்டியும் அதே அளவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரித்தொட்டியில் 13.3இல் 6.3 வேதிவினைக்குப் போக 7 யூனிட் வெப்பமாக வெளியேறியது. புதுத்தொட்டியில் வேதிவினைக்கே 9.2 வேண்டும், வெப்பத்துக்கு மிஞ்சுவது 4.1. ஏழு யூனிட் வெளியேறும்படி கட்டப்பட்ட பெட்டியில் நாலு யூனிட் மட்டும் வந்தால் என்ன ஆகும்? உறைசுவர் தடித்துக்கொண்டே போய்த் தொட்டி நடுவரை உறைந்துவிடும். ஆக, பழைய தொட்டியில் முனையை மட்டும் மாற்றினால் போதும் என்ற பேச்சு வெப்பக் கணக்கில் நிற்கவில்லை. முனையை மாற்றுவதென்றால் சுவரை மாற்றவேண்டும், மூடியை மாற்றவேண்டும், குழம்பை மாற்றவேண்டும். ஒருவேளை முனைகளைச் செங்குத்தாக நிறுத்தி, உலோகம் நனைக்கக்கூடிய டைட்டானியம் டைபோரைடு எதிர்முனைகளோடு மாற்றி மாற்றி அடுக்கவேண்டும். அது வேறொரு கருவி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நீர்மின்சாரம் இருக்கும் இடத்தில் கூடுதல் யூனிட்டால் புகை வராதே? க்யூபெக், நார்வே, ஐஸ்லாந்து போன்ற இடங்களுக்கு இது முற்றிலும் சரி. அங்கே முனையின் கரிதான் மிஞ்சியிருக்கும் பெரும் உமிழ்வு, அதை ஒழிப்பது நியாயமான அடுத்த படி. கரி முனைகளைச் சுட்டெடுக்கும் சூளையின் உமிழ்வும், ஆனோடு எஃபெக்ட்டின் ஃபுளோரோகார்பனும் போய்விடுமே என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் சரியே. அவற்றைச் சேர்த்தால் நிலக்கரி மின்சாரத்தில்கூடத் தராசு ஏறக்குறைய சமநிலைக்கு வரும். ஆனால் சமநிலைக்கு வருவதற்காகவா ஒரு தொழிலையே இடித்துக் கட்டுவது? உலகில் அலுமினியத்துக்குச் செல்லும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்தப் பாதிக்கு வேறொரு உதாரணம் பொருத்தமானது. நார்வேயின் கார்மேயில் ஹைட்ரோ நிறுவனம் 2018இல் 60 தொட்டிகளோடு ஒரு மாதிரி வரிசையைத் தொடங்கியது. இலக்கு கிலோவுக்கு 12.3 யூனிட், அவற்றில் 12 தொட்டிகளுக்கு 12க்கும் கீழே. வேதியியல் 1886இன் வேதியியலேதான். காந்தப்புலத்தைச் சீர்செய்தது, மின்தடையைக் குறைத்தது, வெப்பக் காப்பைத் தொட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியே அளந்து அமைத்தது, அவ்வளவுதான். 14இலிருந்து 12.3க்கு இறங்கும் ஒரு தொட்டி நிலக்கரி மின்சாரத்தில் மிச்சப்படுத்தும் புகை, கரி நேர்முனை முழுவதும் ஒழிவதால் மிச்சமாகும் புகைக்குச் சமம். இந்த ஒப்பீடு பெரிய அறிவிப்புகளில் வருவதே இல்லை. எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிறது.

வழியையே மாற்றிவிட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அலுமினாவை முதலில் அலுமினியம் குளோரைடாக்கி, 700 டிகிரியை ஒட்டிய சூட்டில், அடுக்கடுக்கான கிராஃபைட் தட்டுகளுக்கிடையே மின்பகுக்கும் முறையை அல்கோவா 1973இல் அறிவித்தது. டெக்சாஸின் பாலஸ்டைன் நகர் அருகே 1976இல் ஆலை எழுந்தது. மின்பகுப்புக் கலம் சொன்னபடியே நடந்தது: கிலோவுக்கு 10 யூனிட்டுக்கும் கீழே. ஆனால் ஈரமும் ஆக்சைடும் படாத குளோரைடைத் தொடர்ந்து தயாரிப்பது, வழியில் உருவாகும் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்களைக் கையாள்வது, இவற்றின் செலவு மிச்சப்பட்ட மின்சாரத்தை விழுங்கியது. 1985இல் ஆலை மூடப்பட்டது. கலத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதே குளோரைடு வழியை இப்போது ஹைட்ரோ நார்வேயின் போர்ஷ்குருனில் மீண்டும் எடுத்திருக்கிறது. குளோரினையும் கரியையும் மூடிய சுழற்சியில் வைத்து, ஆக்சிஜனை மட்டும் வெளிவிடுவது நோக்கம். டெக்சாஸில் விட்டுப்போனது கலத்துக்கு வெளியே இருந்த குளோரைடுப் பகுதிதான். போர்ஷ்குருனில் அதையே முதலில் கையிலெடுத்திருப்பது நம்பிக்கை தருகிறது.

கணினி மாதிரிகள் வளர்ந்துவிட்டன, இனி நடுத்தர அளவுச் சோதனைத் தொட்டிகள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காந்தப்புலத்துக்கு அது பொருந்தும். மாக்ஸ்வெல் சமன்பாடுகள் பொய் சொல்வதில்லை. ஆனால் ஒரு கிலோ அலுமினா விழுந்த இடத்தில் உறைந்து கட்டியாகி மிதக்குமா, சிதறிக் கரையுமா என்பதை அந்த நாளின் தூள் எவ்வளவு ஈரம் பிடித்திருந்தது, எந்தத் துகளளவில் வந்தது என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. உறைசுவர் எந்த மூலையில் மெலிகிறது என்பதும் அப்படியே. மாதிரிகளுக்கு ஊட்டும் எண்களே ஓடும் தொட்டியில் அளந்து பெறவேண்டியவை.

வெப்பக் கணக்கு இன்னும் ஒரு விதத்தில் முக்கியமாகிவருகிறது. சூரிய மின்சாரம் பகலில் வரும், இரவில் வராது. தொட்டியோ இரவு பகல் ஒரே அளவு கேட்கும். நாலைந்து மணிநேரம் மின்சாரம் நின்றால் உறைசுவர் உள்நோக்கி வளர்ந்து, குழம்பும் உலோகமும் ஒரே பாறையாகிவிடும். 2016 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் போர்ட்லாந்து உருக்காலையில் நீண்டநேர மின்தடையால் இதுதான் நேர்ந்தது. சீனாவின் யுன்னானில் 2022இலும் அடுத்த ஆண்டும் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது ஆலைகள் உற்பத்தியை வெட்டவேண்டியிருந்தது. இதற்கு விடை தேடும் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்லாந்தில் தொடங்கியது. தொட்டியின் எஃகுச் சுவரில் வெப்பமாற்றிக் கூடுகளைப் பொருத்தி, மின்சாரம் மிகுந்த நேரத்தில் காற்றை ஓட்டிச் சுவரைக் குளிர்விக்கிறார்கள். குறைந்த நேரத்தில் காற்றை நிறுத்தி அதே கூட்டை வெப்பக் காப்பாக்குகிறார்கள். உறைசுவரை வெளியிலிருந்து கையால் பிடித்து நிறுத்துவது போல. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ட்ரிமெட் நிறுவனம் ஒரு வரிசைக்கு இதைப் பொருத்தி, மின்சுமையை கால் பங்கு வரை ஏற்றி இறக்கும் நோக்கத்தோடு இயக்கியது. முனையையோ குழம்பையோ தொடவில்லை. நூறாண்டுகளாக மாறாத ஒரு மாறிலியை மாறியாக்கிவிட்டார்கள்.

இந்தியாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் உருக்கும் நாடு இது, பெரும்பாலும் ஆலைகளின் சொந்த நிலக்கரி மின்நிலையங்களை நம்பி. அங்குலில் நால்கோவின் தொட்டிகள் பெஷினேயின் 180 கிலோ ஆம்பியர் வடிவம். பின்னால் வேறு இந்திய ஆலைகளில் வந்த 360 கிலோ ஆம்பியர் தொட்டிகளும் அதே மரபு. ஜார்சுகுடாவில் சீன வடிவம். தொட்டியை வாங்கும்போது அதன் வெப்பக் கணக்கையும் வாங்கிவிடுகிறோம். அதை எழுதியவர்கள் வேறொரு மின்சாரத்தையும் வேறொரு தட்பவெப்பத்தையும் மனதில் வைத்து எழுதினார்கள். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இந்தத் தொட்டிகள் ஓடின. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை நம்பி மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2008இல் உருக்குவது நின்றது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உருகிய உப்புகளை நன்றாக அறிந்த இடம். நாக்பூரில் 1989இல் தொடங்கிய ஜவகர்லால் நேரு அலுமினிய ஆய்வு மையம் இதற்கென்றே உள்ளது. இவற்றின் ஆய்வாளர்கள் கைக்கு ஒரு வரிசைத் தொட்டிகள், ஐந்தாறு ஆண்டு, எரிந்துபோனாலும் கேள்வி கேட்காத நிதியோடு கிடைக்கவேண்டும். குடுவைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் அது ஈடாகாது.

மறுசுழற்சி வளரும்போது முதல்நிலை உருக்கத்தில் இவ்வளவு பணம் போடலாமா என்று கேட்பதும் நியாயமே. பழைய அலுமினியத்தை உருக்க புதிதாகப் பிரிப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஐந்து விழுக்காடு போதும். ஆனால் இதுவரை உருக்கப்பட்டதில் முக்கால் பங்கு இன்னும் கட்டடங்களிலும் வண்டிகளிலும் மின்கம்பிகளிலும் பயன்பாட்டில் இருக்கிறது; பழசாகி வருவதற்கு நாளாகும். அதற்குள் தொட்டிகள் ஆண்டுக்கு 7 கோடி டன் உருக்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இனி வரும் ஒவ்வொரு அறிவிப்பிலும் நான் தேடப்போவது சில எண்களை. தொட்டி எத்தனை ஆம்பியர்? எத்தனை மாதம் நிற்காமல் ஓடியது? கிலோவுக்கு எத்தனை யூனிட், அதில் வெப்பமாகப் போனது எவ்வளவு? உலோகத்தில் எத்தனை விழுக்காடு இரும்பு? சோதனை முடிந்து தொட்டியை அணைத்துத் தோண்டியபோது உறைசுவர் எந்தப் பக்கத்தில் எத்தனை சென்டிமீட்டர் இருந்தது? அர்விடாவும் போர்ஷ்குருனும் இவற்றை வெளியிடும் நாளில் இந்தக் கட்டுரையின் கணக்கைத் திருத்தி எழுதவேண்டியிருக்கலாம். அதற்கு நான் தயார்.